கட்டிலும் விசாவும் ஒரே கையில்: வளைகுடாவில் வீடு யார் பொறுப்பு?

(நமது மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "அரசு, சமூகச் சேவை, மலிவு வீட்டுவசதி". லண்டன் தோழர்களுக்கு இதைக் கேட்டதும் கவுன்சில் வீடு ஞாபகம் வரும். சிங்கப்பூர்த் தோழர்களுக்கு எச்டிபி. சென்னைக்காரங்களுக்குக் குடிசை மாற்று வாரியமும் கண்ணகி நகரும். நான் இன்னிக்கு வளைகுடா நாடுகளை எடுத்துக்கறேன், அதிலும் முக்கியமா ஐக்கிய அரபு அமீரகத்தை.

அமீரகத்தில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் இருக்காங்க. அதில் தமிழர்கள் கணிசம். இலங்கையிலிருந்து போனவர்கள் தனி. அவங்க வீட்டைப் பத்தி நாம பேசாம இல்லை. ஆனா எப்படிப் பேசறோம்? கேம்ப் படம் ஒண்ணு, ஒரு அறையில் பன்னிரண்டு செருப்பு, கீழே ஒரு சோகமான வரி. அதோட நகர்ந்துடறோம். அந்த அறையை யார் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது, எத்தனை சதுர மீட்டர்னு சொல்லுது, ஆபத்து வந்தா எந்த நிதியிலிருந்து தங்க இடம் கொடுக்கணும், அந்த நிதி யாருடைய பணம் - இதையெல்லாம் கேக்கறதில்லை. வீட்டுவசதியை நாம இருக்கிற நாட்டில் கொள்கைப் பிரச்சினையாப் பார்க்கிறோம். வளைகுடான்னு வந்தா இரக்கப் பிரச்சினையா ஆயிடுது.

நான் சொல்ல வர்றது இதுதான்: வளைகுடாவில் தொழிலாளியின் கட்டிலும் விசாவும் ஒரே கையில் இருக்கு. அதைப் பிரிக்காம எவ்வளவு நல்ல கட்டடம் கட்டினாலும் அது அவருக்கு வீடு ஆகாது. பிரிக்கிறது முடியாத காரியமும் இல்லை. அங்க இருக்கிற அரசுகளுக்கு வீடு கொடுக்க நல்லாவே தெரியும்.

வீடு கொடுக்கத் தெரிந்த அரசுகள்

எண்ணெய் முதலாளித்துவம், கட்டற்ற சந்தை, அரசு ஒண்ணுமே செய்யாதுன்னு ஒரு படம் நம்ம மனசில் இருக்கும். அது தப்பு. உலகத்திலேயே தாராளமான அரசு வீட்டுத் திட்டங்களில் சில அங்கதான் இருக்கு.

அமீரகத்தில் 1999ல் ஷேக் சாயித் வீட்டுவசதித் திட்டம் தொடங்கினாங்க. குடிமக்களுக்கு வீடு கட்ட, வாங்க, பழுது பார்க்கப் பண உதவி. வட்டியில்லாக் கடனாகக் கிடைக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டாத மானியமாகவே கிடைக்கும். விதவைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிக் கவனம். 2020ல் இந்தத் திட்டத்தை எரிசக்தி, உள்கட்டமைப்பு அமைச்சகத்தோடு இணைச்சாங்க. இது போக துபாய்க்கு முகமது பின் ராஷித் பெயரில் ஒரு வீட்டுவசதி நிறுவனம், அபுதாபிக்குத் தனி ஆணையம். இதுக்கெல்லாம் முன்னாடியே, 1970களில், பாலைவனத்திலும் கடலோரத்திலும் இருந்தவங்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த 'ஷாபியா' குடியிருப்புகள். ஷாபியான்னா மக்கள் வீடு.

குவைத்தில் வீட்டுவசதி நலனுக்கான பொது ஆணையம் இருக்கு. கல்யாணம் ஆன குடிமகன் வரிசையில் பெயர் கொடுத்தா மனையோ வீடோ கிடைக்கும். அரசு வங்கி 70,000 தினார் வட்டியில்லாக் கடன் தரும். வரிசை ரொம்ப நீளம். அதனால காத்திருக்கிற காலத்துக்கு மாதம் 150 தினார் வாடகைப்படி.

இதைப் பொறாமையாச் சொல்லலை. இடதுசாரிகள் நாம கேட்கிறதே இதுதானே? வீடு சந்தைப் பொருளா இருக்கக்கூடாது, சமூகத்தின் செல்வம் வீடாகத் திரும்பி வரணும்னு. அங்க அது நடந்திருக்கு. யாருக்கு என்பதில்தான் கோடு. அந்தக் கோடு நம்ம ஆட்களுக்கு எதிராக மட்டும் போட்ட கோடும் இல்லை. குவைத்திலேயே பிறந்து, அரபியே தாய்மொழியா இருந்தும், குடியுரிமை இல்லாத பிதூன் மக்கள் பல ஆயிரம் பேர் சுலைபியா, தைமா மாதிரி பகுதிகளில் பழைய ஷாபியா வீடுகளில் நெருக்கியடிச்சு வாழ்றாங்க. 'அரபிக்காரன் - வெளியாள்' என்று பிரிச்சுப் பேசறவங்க இதை மறந்துடறாங்க. கோடு குடியுரிமைக் கோடு. குடியுரிமையோ, அமீரகத்தில் பிறந்து வளர்ந்து அங்கேயே பள்ளி முடிச்ச பிள்ளைக்கும் கிடையாது.

ஆளுக்கு 3 சதுர மீட்டர்

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு என்ன ஏற்பாடு? அரசு அந்தப் பொறுப்பை முதலாளிகிட்ட ஒப்படைச்சிருக்கு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்றது: முதலாளி தகுந்த தங்குமிடம் தரணும், இல்லைன்னா அதுக்குப் பணம் தரணும். 50 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்ற நிறுவனம், குறைந்த கூலிக்காரருக்குத் தங்குமிடத்தையே தரணும். 2016ல் போட்ட ஆணையில் இந்தக் கூலி வரம்பு 2,000 திர்ஹம். இப்போ 1,500.

தங்குமிடம் எப்படி இருக்கணும் என்பதற்கு 2009ல் அமைச்சரவை 13ஆம் எண் தீர்மானம் போட்டது. ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர். ஒரு அறையில் 8 முதல் 10 பேர் வரை. கழிப்பறை, குளியலறை, சமையல், காற்றோட்டம், குளிர்சாதனம் எல்லாத்துக்கும் விதி உண்டு. 3 சதுர மீட்டர் எவ்வளவுன்னு கற்பனை பண்ணிப் பாருங்க. ஒத்தைக் கட்டில் ஒண்ணு கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர் பிடிக்கும். மிச்சம் ஒண்ணுதான் அந்த மனுஷனுடைய பெட்டி, செருப்பு, தொழுகை விரிப்பு, சாமி படம், போன் சார்ஜர், அவர் நிக்கிற இடம், எல்லாமே. அடுக்குக் கட்டில் போட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்.

விதி இருக்கிறது நல்லது, இல்லாததைவிட. ஆய்வாளர்கள் போறாங்க, அபராதம் போடறாங்க. பதிவு செய்த தங்குமிடங்களில் 15 லட்சத்துக்கும் மேல் தொழிலாளர் இருப்பதாக அமீரகத் தொழிலாளர் அமைச்சகமே சொல்லியிருக்கு. சோனாப்பூர், அல் கூஸ், ஜபல் அலி, ஷார்ஜாவில் சஜ்ஜா, அபுதாபியில் முசஃபா. இந்தப் பெயர்களை நம்ம ஊர்ப் பஸ் ஸ்டாண்டிலேயே கேக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, விதி யாருக்கும் யாருக்கும் நடுவில் இருக்கு என்பது. அரசு கேக்குது, முதலாளி பதில் சொல்றார். நடுவில் படுத்திருக்கிறவர் வாடகைதாரர் கிடையாது. அவர் கையில் குத்தகைப் பத்திரம் இல்லை. வேலை போச்சுன்னா கட்டிலும் போகும். சம்பளம் வரலைன்னு புகார் கொடுக்கப் போறவர் ராத்திரி திரும்பி வந்து படுக்க வேண்டியது, யார்மேல புகார் கொடுத்தாரோ அவருடைய கட்டடத்தில்தான். இதை யோசிச்சா, ஏன் நிறைய பேர் புகாரே கொடுக்கிறதில்லைன்னு புரியும். அமீரகத்தில் தொழிற்சங்கமும் கிடையாது, வேலைநிறுத்தமும் சட்டப்படி முடியாது. கூட நின்னு பேச ஒரு அமைப்பு இல்லாத இடத்தில், வீடும் எதிராளி கையில் இருக்கு.

2024 ஜூன் 12 அதிகாலை. குவைத்தில் மங்கஃப் பகுதியில் ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களைத் தங்க வைத்திருந்த அடுக்குமாடியில் தீ. உள்ளே ஏறத்தாழ 200 பேர். செத்தவங்க கிட்டத்தட்ட 50 பேர். அதில் 45 பேர் இந்தியர்கள், அவங்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மலையாளிகள். தமிழ்நாட்டுக்காரங்க 7 பேர். அறைகளைப் பிரிக்கத் தீப்பிடிக்கிற பொருள்களை வைத்துத் தடுத்திருந்ததும், மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்ததும் விசாரணையில் பேசப்பட்டது. ஜூன் 14ல் இந்திய விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. குவைத் துணைப் பிரதமரே கட்டட உரிமையாளர்களின் பேராசையைக் குறை சொன்னார். கைது நடந்தது, இழப்பீடு அறிவிச்சாங்க, தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்த வாரம் முழுக்க டிவியில் இதுதான். "அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டேன், வேற இடம் பார்த்துக்கறேன்"னு சொல்ல அந்த 200 பேருக்கு வழி இருந்ததா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேக்கலை.

கேம்புக்கு வெளியே

கேம்பில் இல்லாதவங்க எங்கே இருக்காங்க? கடைச் சிப்பந்தி, டெலிவரி ஓட்டுறவர், சின்ன கம்பெனி எலக்ட்ரீஷியன், வேலை தேடி விசிட் விசாவில் போனவர். சின்ன நிறுவனத்துக்குத் தங்குமிடம் தரவேண்டிய கட்டாயம் இல்லை, சம்பளத்தோடு சேர்த்துப் பணமாக் கொடுத்துடலாம். அந்தப் பணத்துக்குத் தனி அறை கிடைக்காது. கிடைக்கிறது பெட்ஸ்பேஸ். ஒருத்தர் ஃபிளாட்டை மொத்தமா வாடகைக்கு எடுப்பார், ஹாலை ஜிப்சம் போர்டு வச்சு மூணாத் தடுப்பார், ஒவ்வொரு தடுப்பிலும் அடுக்குக் கட்டில் போட்டுக் கட்டில் கணக்கில் வாடகை வாங்குவார். தேரா, சத்வா, கராமா, ஷார்ஜா ரோலா, அபுதாபியில் எலெக்ட்ரா தெரு. எல்லா இடத்திலும் விளக்குக் கம்பத்தில் தமிழிலும் மலையாளத்திலும் விளம்பரம் ஒட்டியிருந்த காலம் உண்டு. இப்போ வாட்ஸ்அப்.

சட்டப்படி அந்தத் தடுப்புகளுக்கு அனுமதி கிடையாது. 2023 ஏப்ரல் 15ல் துபாய் தேராவில் அல் ராஸ் பகுதிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடிச்சு 16 பேர் இறந்தாங்க. கேரளத் தம்பதி ஒன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த 2 தொழிலாளர்கள் அதில் உண்டு. கட்டடப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாததுதான் காரணம்னு முதல்கட்ட விசாரணை சொன்னது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்புகளை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது.

தடுப்பை இடிக்கிறது சரிதான். அது கொல்லும். ஆனா இடிச்ச அன்னிக்கு ராத்திரி அங்க இருந்தவர் எங்கே படுப்பார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற அரசு அலுவலகம் எதுவும் இல்லை. மலிவு வீட்டுக்கான ஆணையம் குடிமக்களுக்கு. தொழிலாளர் அமைச்சகம் கம்பெனி கேம்புக்கு. நடுவில் இருக்கிறவருக்கு மாநகராட்சி ஆய்வாளர் மட்டும்தான் வருவார், அபராதச் சீட்டோட. இதோட இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க: குடும்பப் பகுதியில் 'பேச்சிலர்' தங்கக்கூடாது என்ற விதி. குவைத்தில் 1992லிருந்தே அதுக்குச் சட்டம் இருக்கு. ஊரில் பொண்டாட்டி பிள்ளை இருக்கிற நாற்பது வயசு ஆளும் அங்கே பேச்சிலர்தான். குடும்பத்தைக் கூட்டிட்டு வரும் அளவுக்குச் சம்பளம் இல்லை என்பதே அவரைக் குடும்பப் பகுதிக்கு ஆகாதவராக்கிடுது.

நல்ல கட்டடம் போதுமா?

"சரி, அப்போ அரசே நல்ல தங்குமிடம் கட்டினா போதுமே"ன்னு கேக்கலாம். கட்டியிருக்காங்க. அதைத்தான் நாம கவனமாப் படிக்கணும்.

அபுதாபி சாதியாத் தீவில் லூவ்ர், குகன்ஹைம் அருங்காட்சியகங்களையும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வளாகத்தையும் அறிவிச்சப்போ உலகம் முழுக்க தொழிலாளர் நிலை பற்றிக் கேள்வி எழுந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2009ல் அறிக்கை போட்டது. தீவை உருவாக்கின அரசு நிறுவனம் அங்கேயே 20,000 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் கிராமம் கட்டியது. கிரிக்கெட் மைதானம், நூலகம், மருத்துவ வசதி எல்லாம் உண்டு. சராசரிக் கேம்போடு ஒப்பிட்டா நல்ல இடம். 2011ல் வெளியிலிருந்து ஒரு தணிக்கை நிறுவனத்தையும் கண்காணிப்புக்கு அமர்த்தினாங்க. அதே ஆண்டு 'கல்ஃப் லேபர்' என்ற பெயரில் 130க்கும் மேற்பட்ட கலைஞர்கள், தொழிலாளர் உரிமை உறுதியாகும் வரை குகன்ஹைம் அபுதாபிக்கு ஒத்துழைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டாங்க. நம்ம மாதிரி வெளிநாட்டில் இருக்கிறவங்க செஞ்ச நல்ல வேலை அது.

ஆனா 2015ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் திரும்பப் போய் எழுதின அறிக்கையிலும் அதே பட்டியல்: ஊரிலேயே கட்டின ஆட்சேர்ப்புப் பணம் திரும்பக் கிடைக்கலை, பாஸ்போர்ட் கையில் இல்லை, வேலைநிறுத்தம் செஞ்சவங்களை நாடு கடத்திட்டாங்க. கட்டில் நல்ல கட்டில், மெத்தை நல்ல மெத்தை. அதில் படுத்திருக்கிறவருடைய விசாவும் சம்பளமும் பழைய இடத்திலேயே இருந்தது.

கத்தாரிலும் இதே கதை. 2015ல் தோஹாவில் சுமார் 70,000 பேருக்கான லேபர் சிட்டி திறந்தாங்க. பக்கத்திலேயே கடைத்தெரு, திரையரங்கு, கிரிக்கெட் அரங்கம். ஊருக்கு ஒதுக்குப்புறமா, தொழிற்பேட்டை ஓரத்தில். ஒரு நகரத்தையே கட்ட முடிஞ்சது அவங்களுக்கு. அதில் தங்குறவர் பெயரில் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதத்தான் முடியலை.

இதை வளைகுடாவின் தனிக் குணம்னு நினைக்காதீங்க. எச்டிபியைத் தொடங்கின சிங்கப்பூரில் 2020ல் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவங்க சுமார் 3,23,000 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கோவிட் தொற்றியிருந்தது. 80 சதவீத மக்களை அரசு வீட்டில் குடியமர்த்தின நாடு அது. கோடு அங்கேயும் அதே இடத்தில்தான்.

வீடே வேலையிடமானால்

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஆண்கள் கதை. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வீட்டுப் பணிக்குப் போற பெண்களுக்குக் கேம்பும் இல்லை, பெட்ஸ்பேஸும் இல்லை. முதலாளியின் வீடே அவங்க தங்குமிடம். சண்டை வந்தா வெளியே போகக் கதவு ஒண்ணுதான், அதுக்கு வெளியே தெரு. வெளியே வந்த நிமிஷமே 'ஓடிப்போனவள்'னு புகார் பதிவாகலாம்.

இங்கே அரசு செஞ்ச சில வேலைகளைச் சொல்லியே ஆகணும். குவைத்தில் ஜலீப் பகுதியில் வீட்டுப் பணியாளர்களுக்காக 500 பேர் தங்கக்கூடிய அரசுக் காப்பகம் 2014லிருந்து இயங்குது. அமீரகத்தில் ஆள்கடத்தலுக்கு ஆளானவங்களுக்கு 'ஈவா' காப்பகங்கள் உண்டு. இலங்கைத் தூதரகங்கள் சிலவற்றில் 'சுரக்ஷா' பாதுகாப்பு இல்லங்கள். இவை எத்தனையோ பெண்களுக்கு உயிர் காத்த இடங்கள். ஆனா இந்தக் காப்பகங்களிலிருந்து வெளியே போற வழி பெரும்பாலும் விமான நிலையத்துக்குத்தான். வேற வீட்டுக்கு, வேற வேலைக்கு, அந்த ஊரிலேயே சுதந்திரமா வாழறதுக்கு வழி ரொம்பக் குறுகல்.

அந்த 8 திர்ஹம்

இப்போ நம்ம பக்கத்து அரசுகளுக்கு வருவோம். இந்தப் பகுதியை மட்டும் இன்னிக்கு ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்.

2009ல் இந்திய அரசு 'இந்திய சமூக நல நிதி'யைத் தொடங்கியது. இக்கட்டில் இருக்கிற இந்தியருக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்ப டிக்கெட், அவசர மருத்துவம், வழக்கறிஞர் உதவி, இறந்தவர் உடலை அனுப்பும் செலவு, இதுக்கெல்லாம் தூதரகம் இதிலிருந்து செலவு செய்யலாம். 2017ல் விதிகளைத் திருத்தி விரிவாக்கினாங்க. துபாயில் 2010ல் தொழிலாளர் உதவி மையம் ஒன்றும் தொடங்கினாங்க. இப்போ அதன் பெயர் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா.

இந்தப் பணம் எங்கிருந்து வருது? பாஸ்போர்ட் புதுப்பிக்க, சான்றொப்பம் வாங்க, எந்தத் தூதரகச் சேவைக்குப் போனாலும் ரசீதில் ஒரு சின்ன வரி இருக்கும். அமீரகத்தில் அது 8 திர்ஹம். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன கம்பி கட்டுற தொழிலாளியும் கட்டுறார், நகைக்கடை முதலாளியும் கட்டுறார், அதே 8. ஒரு லட்சம் பேர் ஒரு தடவை போனா 8 லட்சம் திர்ஹம். ஆக, 'தூதரகம் உதவி செய்தது'ன்னு பத்திரிகையில் வர்ற ஒவ்வொரு உதவியும் தொழிலாளர்கள் தாங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் செஞ்சுக்கிட்ட உதவி. அரசு நடுவில் நின்னு கையெழுத்துப் போடுது, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் அது உரிமையா எழுதப்படலை. வசதியில்லாதவரா, தகுதியானவரான்னு பார்த்து, தூதரகம் முடிவு செய்யும். கேட்டவருக்கு மறுத்தால் மேல்முறையீட்டுக்குப் போக வழி ஒண்ணும் தெளிவா இல்லை.

2020ல் இதன் விலை தெரிஞ்சது. மார்ச் 31லிருந்து துபாயில் நைஃப், அல் ராஸ் பகுதிகளை முழுசா அடைச்சாங்க. பெட்ஸ்பேஸ் ஆட்கள் நெருக்கமா இருக்கிற இடங்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், ஒருத்தருக்குக் காய்ச்சல், தனிமைப்படுத்த இடமில்லை. அப்போ துபாய் அரசு வர்சான் பகுதியில் காலியா இருந்த புதுக் கட்டடங்களைத் தனிமைப்படுத்தும் மையமா மாத்தியது. கேஎம்சிசி மாதிரி அமைப்புகளின் தொண்டர்கள் ராப்பகலா வேலை செஞ்சாங்க. அதாவது காலி வீடும் இருந்தது, அதைக் கொடுக்க அதிகாரமும் இருந்தது. நோய் எல்லாருக்கும் பரவும்னு ஆனப்போ கொடுத்தாங்க.

மே 7லிருந்து வந்தே பாரத் விமானங்கள். வேலை போய், வாடகை கட்ட முடியாம நின்னவங்களையும் டிக்கெட் காசைச் சொந்தமாக் கட்டச் சொன்னாங்க. நல நிதியில் பணம் இருக்கே, அதை எடுத்து டிக்கெட் போடுங்கன்னு கேரள உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. யோசிச்சுப் பாருங்க, தொழிலாளி கட்டின நிதியிலிருந்து தொழிலாளிக்கு டிக்கெட் வாங்கிக் கொடுங்கன்னு கேக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

தொண்டர் அமைப்புகள் இருக்கே, அவங்களே வசூல் பண்ணிச் செய்யலாமேன்னு கேப்பீங்க. துபாயில் அனுமதியில்லாம நன்கொடை திரட்டுவது 2015 முதல் தண்டனைக்குரியது. சமூக அமைப்புகள் சமூக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வாங்கித்தான் இயங்கணும். பொங்கல் விழாவுக்கு அனுமதி கிடைக்கும். வாடகைதாரர் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்க.

ஊர்ப்பக்கம் நிலைமை என்ன? கேரளம் 1996லேயே நோர்க்கா துறையைத் தொடங்கியது, 2008ல் சட்டம் போட்டுப் பிரவாசி நல வாரியம் அமைச்சது. மாதச் சந்தா கட்டினவருக்கு ஓய்வூதியம் உண்டு. இலங்கையில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அதுவும் போறவங்க கட்டுற பதிவுக் கட்டணத்தில்தான் ஓடுது. தமிழ்நாட்டில் 2011ல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது, பத்து வருஷம் தூங்கியது. 2021 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் வாரியத்தை அறிவிச்சார், ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாள்னு சொன்னார். வாரியம் வந்தது நல்லது. ஜனவரி 12 மேடையில் யார் உக்காந்திருக்காங்கன்னு மட்டும் பாருங்க. முதலீட்டாளர், தொழிலதிபர், சங்கத் தலைவர். சஜ்ஜா கேம்பிலிருந்து எத்தனை பேர்?

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்

"அவங்க தெரிஞ்சுதானே போனாங்க, ஊரில் அதுவும் இல்லையே"ன்னு ஒரு பேச்சு நம்ம குடும்பங்களிலேயே உண்டு. ஊரில் வேலை இல்லாததால் போனவர் என்பது, போன இடத்தில் அவருக்கு உரிமை வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. நம்ம அப்பா அம்மாக்களும் அப்படித்தான் போனாங்க. அவங்கள்ல சிலருக்குப் போன நாட்டில் குடியுரிமை கிடைச்சது, வீடு கிடைச்சது, அதனால நாம இன்னிக்கு இங்க உக்காந்து பேசறோம்.

மூணு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, கட்டிலையும் விசாவையும் பிரிக்கணும். முதலாளி தங்குமிடத்துக்கான பணத்தை ஒரு பொது நிதியில் கட்டட்டும். அரசு வீட்டுவசதி அமைப்பு அந்தப் பணத்தில் விடுதியோ வீடோ நடத்தட்டும். தங்குறவர் பெயரிலேயே ஒப்பந்தம். வேலை போனாலும், புகார் கொடுத்தாலும், வழக்கு முடியற வரைக்கும் கட்டில் அவருடையது. சாதியாத்தும் லேபர் சிட்டியும் கட்டடம் சாத்தியம்னு காட்டிட்டது. இப்போ கேட்க வேண்டியது ஒப்பந்தத்தை.

இரண்டாவது, நல நிதியின் கணக்கு. ஒவ்வொரு தூதரகமும் ஆண்டுதோறும் எவ்வளவு வசூலிச்சது, தங்குமிடத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை மறுத்தது, ஏன் மறுத்தது. இதைத் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் வெளியிடணும். உதவி மறுத்தால் எழுத்தில் காரணம் வேணும்.

மூன்றாவது, தமிழ்நாட்டு வாரியத்தில் தொழிலாளர்களுக்கு இடம். வேலை போய்த் திரும்பி வர்றவருக்கு முதல் ஆறு மாசம் வாடகை உதவியும் அதில் சேரணும். கடனை அடைக்காம திரும்புறவருக்கு ஊரில் இருக்கிற வீடே அடமானத்தில் இருக்கும்.

செயலுக்கு வருவோம். நம்மில் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இணையம் வழியாவே மனு போடலாம். ஓசிஐ அட்டைக்காரங்களால முடியாது. அதனால மனு எழுதறது ஒருத்தர், போடறது இன்னொருத்தர்னு வேலையைப் பிரிச்சுக்கலாம். முதல் மனுவுக்கான வரைவை அடுத்த மடலுக்குள்ள தயார் பண்ணிடுவோம். அடுத்து, 2009 தீர்மானத்தின் விதிகளைப் பேச்சுத் தமிழில் ரெண்டு நிமிஷக் குரல் பதிவா மாத்தணும். ஆளுக்கு எவ்வளவு இடம், அறைக்கு எத்தனை பேர், யார்கிட்ட சொல்லணும். படிக்க நேரமில்லாதவர் வேலைக்குப் போற பஸ்ஸில் கேட்டுக்குவார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். நாம வெளியே இருக்கோம், பேசினா நமக்கு விசா போகாது. உள்ளே இருக்கிறவருக்குப் போகும். யாருடைய பெயரும், முகமும், அறை எண்ணும், கம்பெனிப் பெயர் தெரியற சட்டையும் எந்தப் பதிவிலும் வரக்கூடாது. அவங்க அனுப்புற வீடியோவை உடனே பகிர்ற ஆர்வம் நமக்கு இருக்கும். அதை அடக்கணும். எதைப் பேசலாம், எப்போ பேசலாம்னு அவங்க சொல்லட்டும்.

 மனு வேலைக்கு யார் யார் வர்றீங்கன்னு கூட்டம் முடிஞ்சதும் பெயர் கொடுங்க.